பழந்துணியும் பாத்திரமும்

வியாபாரங்களுக்குள் மிகவும் நுட்பமானது எது என்று கேட்டால், வைர வியாபாரம் என்று பலர் சொல்லக்கூடும். நமது அபிப்பிராயம் அப்படியல்ல. வைரத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி இருக்கிறது. தங்கத்துக்கு உரைகல் இருக்கிறது. அன்றன்றைய விலையும் பத்திரிகையில் வந்துவிடுகிறது. பழந்துணிக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஒரே சட்டை ஒரு வீட்டில் கரித்துணி. நாலு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் அதுவே பையனுக்குத் தீபாவளிச் சட்டை. இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒருவர் நின்று, இங்கே வாங்கி அங்கே விற்று, அந்த நாலு தெரு தூரத்திலேயே தம் ஜீவனத்தை நடத்திக்கொள்கிறார். அவருடைய மூலதனம் என்று பார்த்தால் இரண்டு கண்களும் பத்து விரல்களுந்தான்.

இந்த வாரம் அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதலாமென்று எண்ணுகிறோம். ‘இதில் எழுத என்ன இருக்கிறது?’ என்று நேயர்களில் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பப் பார்ப்பார்கள். அவர்கள் தயவுசெய்து தங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டை ஒரு தரம் நினைத்துக்கொள்ளட்டும். மாமியாரின் கல்யாணக் கூறைப் புடவை அங்கே ஒரு மூலையில் கிடக்கிறதா? கிடந்தால் கொஞ்சம் பொறுமையுடன் மேலே படிப்பது நலம்.

* * *

நமது ஊர்களில் இந்த வியாபாரத்தைப் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலுக்கே அது வந்துவிடும். ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட மத்தியான வேளையாகப் பார்த்து, எவர்சில்வர் பாத்திரமும் பிளாஸ்டிக் வாளியும் நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, “பழைய துணிக்குப் பாத்திரம்!” என்று கூவிக்கொண்டு வருகிறாளே, அந்த அம்மாள்தான் இந்தப் பெரிய வியாபாரத்தின் வேர்.

திண்ணையில் பேரம் நடக்கும்போது பார்க்க வேண்டும். “இவ்வளவு துணிக்கும் இந்தச் சின்னச் சம்படந்தானா? நல்லாயிருக்கே உன் நியாயம்!” என்பாள் வீட்டுக்காரி. “தாயி, சாயம் போன சீலை, காலர் கிழிஞ்ச சட்டை, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? இன்னும் ஒரு பேண்டு போடுங்க, தூக்கை மூடியோட தரேன்” என்பாள் இவள். அரை மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு பேண்டும் இரண்டு தலையணை உறையும் அதிகமாகப் போய், மூடியுடன் தூக்கு உள்ளே வரும். ‘ஒன்றுக்கும் உதவாத கந்தலுக்குப் புதுத் தூக்கு வாங்கிவிட்டோம்’ என்று வீட்டுக்காரிக்குப் பரம சந்தோஷம். கூடைக்காரியின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவளுடைய முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அவள் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. கையைப் பார்க்க வேண்டும்.

சட்டையை எடுத்தால் அவளுடைய கை முதலில் காலரின் மடிப்புக்குப் போகும். அங்கே இழை தேய்ந்திருந்தால் விலை பாதி. அடுத்தபடி அக்குள். வேர்வை பட்டு நைந்திருந்தால் அது உடுப்பல்ல, கந்தல். கால்சட்டையானால் முழங்காலும் உட்காரும் இடமும். பிறகு ஜிப்பை ஒரு தரம் ஏற்றி இறக்கிப் பார்ப்பாள். சேலையானால் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். குழந்தைகளின் கவுனை மட்டும் அதிகம் சோதிப்பதில்லை. குழந்தைகள் துணியைக் கிழிப்பதற்கு முன்னால் அதைவிட்டு வளர்ந்துவிடுகின்றன என்ற சூட்சுமம் அவளுக்குத் தெரியும். இவ்வளவையும் செய்துகொண்டே, ‘எல்லாம் கந்தல்’ என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும். எதை அதிகமாகப் பழிக்கிறாளோ அதில் ஏதோ இருக்கிறது என்று நேயர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பண்டமாற்று ஏதோ நமது நாட்டின் ஏழ்மையில் பிறந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. லண்டன் மாநகரத்து ஏழைகளின் தொழில்களைப் பற்றி ஹென்றி மேஹ்யூ என்பவர் எழுதிய பெரிய நூல் 1851-ல் வெளிவந்தது. அதில், பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் கூடையில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய், அவற்றுக்குப் பதிலாகப் பழைய கோட்டுகளையும் தொப்பிகளையும் வாங்கிவரும் தெரு வியாபாரிகளைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வாங்கிவந்த துணிகளெல்லாம் ஹவுண்ட்ஸ்டிச் என்ற இடத்திலிருந்த பழந்துணிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் தலைநகரத்தில் பீங்கான்; நமது தெருவில் எவர்சில்வர். வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

கூடைக்காரி வாங்கிய மூட்டை அப்புறம் எங்கே போகிறது? இதை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் டில்லிக்குப் போக வேண்டும். மேற்கு டில்லியில் ரகுபீர் நகர் என்ற பேட்டையில் ‘கோடா மண்டி’ என்று ஒரு சந்தை இருக்கிறது. பெயருக்குக் குதிரைச் சந்தை என்று அர்த்தம், விற்பதென்னவோ பழந்துணி. குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி சமூகத்து ஸ்திரீகள் பகலெல்லாம் வீடு வீடாகச் சென்று பாத்திரத்துக்கு மாற்றிய துணிகளை, மறுநாள் விடிவதற்கு முன்பே அங்கே கொண்டுவந்து குவிக்கிறார்கள். ஊர் விழித்துக்கொள்ளும் நேரத்தில் வியாபாரத்தின் முக்கிய பாகம் முடிந்துபோயிருக்கும். லூசி நாரிஸ் என்ற மானிடவியல் அம்மையார் இவர்களுடன் பழகி, இந்தியப் பழந்துணிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி 2010-ல் வெளியிட்டிருக்கிறார். நமது பல்கலைக்கழகங்களில் யாருக்காவது இந்த யோசனை முன்பே தோன்றியிருக்கலாம்; போகட்டும்.

சந்தைக்கு வந்து வாங்குகிறவர்கள் பல ஜாதி. ஒருவர் சட்டையும் கால்சட்டையும் மட்டும் எடுப்பார்; துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, வாரச் சந்தையில் கூலிக்காரர்களுக்கு விற்பார். இன்னொருவருக்கு வெள்ளைப் பருத்தித் துணிதான் வேண்டும், கிழிந்திருந்தால் பாதகமில்லை. யந்திரசாலைகளில் எண்ணெய் துடைப்பதற்குப் பருத்தியைப் போல் உறிஞ்சுவது வேறொன்றில்லை. மூன்றாமவர் பட்டுச் சேலைகளாகப் பொறுக்குவார். அவை வெட்டப்பட்டுத் தலையணை உறைகளாகவும், வெள்ளைக்காரப் பிரயாணிகள் விரும்பும் பாவாடைகளாகவும் மாறிக் கப்பலேறும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூட்டை மூட்டையாக இருக்கும்வரையில் அதற்குக் கந்தல் விலைதான். பிரித்துப் பிரித்து வைத்த பிறகே அதில் லாபம் பிறக்கிறது. துணி அதேதான், ஒரு நூல் கூடச் சேரவில்லை. ‘இது இன்னாருக்கு ஆகும்’ என்று ஒருவர் பார்த்துச் சொன்னதுதான் சேர்ந்தது. சோம்பேறிகள் செய்யும் தரகு வேலை என்று இதை இழிவாகப் பேசுகிறவர்கள், ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து ஒரே ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

* * *

மேல்நாட்டில் இந்தப் பொறுக்கு வேலையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே பாத்திரக்காரி கிடையாது. தர்ம ஸ்தாபனங்களின் கடைகளில் ஜனங்கள் பழந்துணியைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாஸ்டன் நகரத்தில் 1902-ல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய ‘குட்வில்’ ஸ்தாபனம் இதற்குப் பேர்போனது. கொடுத்த துணிகளைச் செப்பனிட ஏழைகளுக்கே வேலை கொடுத்து, விற்ற பணத்தில் கூலி கொடுத்தார்கள். இந்தக் கடைகளுக்குள் நுழைந்து, நூறு சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவி, பத்து மடங்கு விலைக்கு விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள்.

அவர்கள் எதைப் பார்த்து உருவுகிறார்கள்? துணியைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே தைத்திருக்கும் சிறு அடையாளத் துண்டைப் பார்க்கிறார்கள். ‘லீவைஸ்’ கால்சட்டையின் பின்பையில் சிவப்பு நாடா ஒன்று உண்டு. அதிலுள்ள ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் அது 1971-க்கு முன் தைத்தது. சிறிய எழுத்தானால் பிற்காலத்தது. ஒரே ஓர் எழுத்தின் உருவத்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது! அமெரிக்க உடுப்புகளில் துவைக்கும் முறையை அச்சிட்ட துண்டு நிரந்தரமாகத் தைத்திருக்க வேண்டும் என்ற விதி 1972-ல் அமுலுக்கு வந்தது. ஆகவே அந்தத் துண்டு இல்லாத பழைய கவுனைக் கண்டால் இவர்களுக்கு நாக்கில் ஜலம் ஊறும்.

1880-களில் ஒரு சுரங்கத் தொழிலாளி அணிந்து, கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் கிடந்து எடுக்கப்பட்ட ‘லீவைஸ்’ கால்சட்டை ஒன்று 2022 அக்டோபரில் நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தில் 76,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஏலக்காரரின் கமிஷன் வேறு. மெழுகு சொட்டிய கறை அதில் அப்படியே இருந்தது. அந்தக் கால்சட்டையின் பையில் அச்சிட்டிருந்த வாசகத்தையும் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும்: இது வெள்ளைக்காரத் தொழிலாளிகளால் மட்டுமே செய்யப்பட்டது என்று அதில் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாதென்று அமெரிக்கா 1882-ல் சட்டம் போட்ட காலம் அது. பழந்துணி பேசாது என்று யார் சொன்னது?

* * *

நூற்றில் ஒன்றை உருவும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மேல்நாட்டுக் கடைகளில் விலைபோகாமல் நின்றவை இயந்திரத்தில் அழுத்திக் கட்டப்பட்டுக் கப்பலேறுகின்றன. அவற்றில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. கானா தேசத்துத் தலைநகரமான அக்ராவில் காண்டமாண்டோ என்ற சந்தை இருக்கிறது. வாரம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி உருப்படிகள் அங்கே வந்து சேர்வதாக ஒரு மதிப்பீடு. அந்தத் துணிகளுக்கு அவ்வூர் பாஷையில் வழங்கும் பெயர் ‘ஒப்ரோனி வாவு’. செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று பொருள். உயிருடன் இருக்கிற மனிதன் இவ்வளவு நல்ல துணியை எறிந்துவிடுவான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

அங்கே வியாபாரி துணியை வாங்குவதில்லை, மூட்டையை வாங்குகிறார். சாதாரணமாக ஐம்பத்தைந்து கிலோ எடை. வெளியே ‘பெண்கள் ரவிக்கை’ என்றோ ‘ஆண்கள் சட்டை’ என்றோ எழுதியிருக்கும். பணத்தைக் கொடுத்துக் கட்டை அவிழ்த்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். நல்ல மூட்டையானால் நாலைந்து நாளில் கடன் அடையும். கறையும் கிழிசலுமாக வந்தால் வட்டி ஏறிக்கொண்டே போகும். இந்த மூட்டைகளைத் தலையில் சுமந்து சந்துகளுக்குள் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் வடபகுதியிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். எதற்கும் உதவாமல் மிஞ்சிய துணி சாக்கடையில் அடைத்துக் கடற்கரையில் போய் ஒதுங்குகிறது. 2025-ம் வருஷம் பிறந்த முதல் தேதி இரவில் அந்தச் சந்தையில் தீப்பற்றி, பெரும்பாகம் வெந்து போயிற்று. கடன் மட்டும் வேகவில்லை. சாம்பலை வாரிவிட்டு வியாபாரிகள் மறுபடியும் பலகை அடித்துக் கடை போட ஆரம்பித்தார்கள்.

ஜாம்பியாவில் இந்தத் துணிக்குச் ‘சலாவுலா’ என்று பெயர். குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்று அர்த்தம். நமது பாத்திரக்காரியின் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நாம் கேட்டதில்லை. ஆனால் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. அவள் கிளறிப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கொடுக்கிறாள். அக்ராக்காரர் பணம் கொடுத்துவிட்டுக் கிளறுகிறார். கண்ணால் பார்த்துப் பிழைக்கிற தொழிலில் கண்ணைக் கட்டிவிட்டால் அது சூதாட்டமாகிவிடுகிறது.

இந்த மூட்டைகள் தங்கள் நெசவையும் தையலையும் கெடுக்கின்றன என்று கிழக்கு ஆப்பிரிக்க தேசங்கள் சில இவற்றைப் படிப்படியாக நிறுத்தப் பார்த்தன. சிறிய ருவாண்டா தேசம் 2016-ல் கிலோவுக்கு இருபது சென்ட் இருந்த வரியை இரண்டரை டாலராக உயர்த்தியது. அமெரிக்க வியாபாரிகள் தங்கள் சர்க்காரிடம் முறையிட்டார்கள். பயமுறுத்தல் வந்ததும் மற்ற தேசங்கள் பின்வாங்கின. ருவாண்டா மட்டும் பின்வாங்கவில்லை. அதன் உடுப்புகளுக்கு அமெரிக்காவில் இருந்த வரிச் சலுகை 2018-ல் நிறுத்தப்பட்டது. ஒருவர் கழற்றிப்போட்ட துணியை ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்வதற்குக் கூட ஒரு தேசம் அபராதம் கட்ட வேண்டியிருக்கிறது!

இந்தியாவில், உடுத்தக்கூடிய நிலையிலுள்ள அந்நியப் பழந்துணியை லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. வெட்டிக் கிழித்த கந்தல் வரலாம். கம்பளி உடுப்புகள் அப்படி வந்து, ஹரியானாவிலுள்ள பானிபத் ஆலைகளில் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு, மறுபடியும் நூலாகி, மலிவான கம்பளங்களாகின்றன. அந்த ஆலைகளில் கோட்டுகளை வெட்டும் ஸ்திரீகளைப் பற்றி ‘அன்ராவல்’ என்று ஒரு சிறு திரைப்படம் 2012-ல் வந்தது. இவ்வளவு புதிய உடுப்புகளை ஏன் எறிகிறார்கள் என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஆராய்ச்சி செய்கிறார்கள். அந்த தேசத்தில் தண்ணீர் கிராக்கி போலிருக்கிறது, துவைப்பதற்கு வழியில்லாமல் இரண்டு தரம் உடுத்திவிட்டு எறிந்துவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய முடிவு! காண்டமாண்டோவில் ‘செத்துப்போனான்’ என்றார்கள். பானிபத்தில் ‘தண்ணீர் இல்லை’ என்கிறார்கள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் இரண்டு ஊரிலும் நம்பமாட்டார்கள்.

* * *

வெளிதேசத்துச் சமாசாரம் போதும். அலமாரியின் மேல்தட்டுக்கு வருவோம்.

பாத்திரக்காரியைத் தவிர இன்னொருவரும் நமது தெருக்களில் வருவதுண்டு. “பழைய பட்டுப் புடவை, பட்டு வேஷ்டி, ஜரிகை வாங்குகிறோம்” என்று அவர் கூவுவார். துணி எவ்வளவு நைந்திருந்தாலும் அவர் முகம் சுளிப்பதில்லை. ஏனென்றால் அவர் துணியை வாங்கவில்லை. ஜரிகையிலுள்ள வெள்ளியை வாங்குகிறார்.

அசல் ஜரிகை என்பது என்ன? பட்டு நூலை நடுவில் வைத்து, அதன் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றி, அதற்கும் மேலே தங்க முலாம் பூசுவார்கள். இந்த வேலைக்குச் சூரத் நகரம் பேர்போனது. காஞ்சீபுரத்துப் பழக்கத்தில் நடு நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். ஆகவே ஜரிகையை நகத்தால் மெள்ளச் சுரண்டும்போது உள்ளே சிவப்புப் பட்டு தென்பட்டால் நல்ல அறிகுறி. வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் போலி. செம்புக் கம்பிக்கு வெள்ளி பூசியதும் உண்டு. அது நாளடைவில் கறுத்துக் களிம்பேறும். சிவப்பு நூலை வைத்தே போலி செய்யும் சாமர்த்தியசாலிகளும் இருப்பதால், நகத்தை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்கக்கூடாது. உரைகல்லும் தராசும் உள்ள இடத்தில் காட்டுவதே சரி. துணியை அறுக்காமலேயே ஜரிகையின் உலோகங்களைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன.

நமது பாட்டிமார்களின் புடவைகளில் பல அசல் ஜரிகையுள்ளவை. கனத்தை வைத்தே சொல்லிவிடலாம். வாங்கியவர் அவற்றைத் தீயிலிடுவார். பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். உருக்கினால் கட்டியாகிவிடும். இந்தக் கணக்கு மிகவும் சுலபமானது, நஷ்டமே வராதது. ஆனால் அந்தத் தீயில் வேறு சிலவும் போகின்றன.

பழைய காஞ்சீபுரம் புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடாக்களை ஓட்டி, இழைக்கு இழை கோத்து நெய்திருப்பார்கள். நெசவாளருடன் கூட ஒரு சிறுவனோ உதவியாளோ உட்கார்ந்து கை கொடுத்தால்தான் இது முடியும். கோர்வை என்பது இதன் பெயர். முந்தானை உடலோடு சேரும் இடத்தில் ஒரு நிறத்துப் பாவை அறுத்து, வேறு நிறத்துப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்திருப்பார்கள்; அது பேட்னி. அந்த இடத்தில் சற்றே தடிப்பும் சுருக்கமும் தெரியும். புதிதாகப் புடவை வாங்குகிறவர்கள் அதைக் குறை என்று எண்ணுவார்கள். தெரிந்தவர்கள் அந்தத் தடிப்பைத் தடவிப் பார்த்துத்தான் பழம்புடவைக்கு விலை பேசுகிறார்கள். ருக்மிணி தேவி அம்மையார் 1937-ல் கலாக்ஷேத்திரத்தில் நெசவுக்கூடம் ஏற்படுத்தியபோது, பழைய புடவைகளின் கரைகளும் நிறங்களுமே நெசவாளர்களுக்கு மாதிரியாக உதவின. உருக்கிவிட்ட புடவை யாருக்கும் மாதிரியாகாது.

ஆகவே பழம்பட்டை வாங்கி விற்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறோம். இன்று பலர் கைப்பேசியிலேயே, ‘இன்ஸ்டாகிராம்’ முதலியவற்றில் படம் போட்டு இந்த வியாபாரத்தை நன்றாக நடத்துகிறார்கள். புடவையை முழுவதும் பிரித்து ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். பட்டு முதலில் விரிசல் விடுவது மடிப்பு வரிசையில்தான். ஒரே மடிப்பில் இருபது வருஷம் கிடந்த புடவை அங்கே கண்ணாடிபோல் உடையும். அப்படி உடைந்ததை உடுத்துவதற்கென்று விற்காதீர்கள். கரையையும் முந்தானையையும் பிரித்து வேறு துணியில் வைத்துத் தைக்கலாம். இடுப்பில் செருகும் பாகத்தையும், தோளில் வேர்வை படும் பாகத்தையும் பாருங்கள். பூச்சி உருண்டையை ஜரிகைமேல் படும்படி வைத்திருந்தால் அது மங்கியிருக்கும். கறை இருந்தால் கறையையும் படம் பிடித்துப் போடுங்கள். மறைத்து விற்ற புடவை திரும்பி வரும்; அப்போது தபால் கூலியும் உங்களுடையது.

* * *

இனி ஒரு தர்ம சங்கடம். இந்தத் தொழிலில் லாபமென்பதே, விற்பவருக்குத் தெரியாத ஒன்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருப்பதுதான். அப்படியானால் அது ஒருவிதத்தில் ஏமாற்றா?

பாத்திரக்காரி விஷயத்தில் நமக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. வெயிலில் பத்துத் தெரு சுற்றி, தலைச்சுமை தூக்கி, மறுநாள் விற்குமோ விற்காதோ என்ற கவலையையும் சேர்த்துச் சுமக்கிறவள் சம்படத்தின் விலைக்கு மேல் சம்பாதிக்காமல் போனால் வயிறு எப்படி நிரம்பும்? மின்விசிறியின் கீழே உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு டம்ளர் கொடு என்று அவளோடு அரை மணி நேரம் வாதாடுவது நமக்குச் சரியாகப் படவில்லை. சட்டைக்கும் கால்சட்டைக்கும் அவள் கேட்ட விலைக்கே கொடுத்துவிடலாம்.

ஆனால், ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து இத்தனை கிராம் வெள்ளி இருக்கும் என்று மனத்தில் கணக்குப் போட்டுவிட்டு, வெளியே ‘இது வெறும் கந்தல், பாட்டி’ என்று சொல்லி, தனியாக இருக்கும் வயோதிக ஸ்திரீயின் கூறைப் புடவையை நூறு இருநூறுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரை நாம் அந்தப் பாத்திரக்காரியோடு ஒரே வரிசையில் உட்காரவைக்க மாட்டோம். அவர் கண்ணால் சம்பாதிக்கவில்லை, வாயால் சம்பாதிக்கிறார். கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருப்பது வேறு, கேட்டபோது பொய் சொல்வது வேறு. முன்னதை வியாபாரம் என்று ஒப்புக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ளவர்களும் கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டால் இந்தச் சங்கடத்தில் பாதி தீரும். தெருவில் குரல் கேட்டதும் ஓடிப்போய் அலமாரியைக் காலி செய்ய வேண்டாம். பட்டுத் துணிகளை அன்றைக்கு வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். ஓய்வான ஒரு நாளில் அவற்றை எடுத்து நிழலில் உதறி, எது எந்தக் கல்யாணத்துக்கு, எந்த ஊரில் எடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அதனோடு வையுங்கள். விற்பதென்று தீர்மானித்தாலும் அந்தச் சீட்டுக்கு ஒரு விலை உண்டு. எந்த ஊர்ப் புடவை, எந்த வருஷத்தது என்று தெரிந்தால் வாங்குகிறவர் கூடக் கொடுக்கிறார். பிறகு தராசில் நிறுத்து, இரண்டு இடத்தில் விலை கேட்டு, அப்புறம் பேசுங்கள். விற்க மனமில்லையானால் நைந்த உடலை நீக்கிவிட்டு, கரையும் முந்தானையும் பேத்திக்கு ஒரு பாவாடைக்குக் காணும். தையற்காரர் சில பேர் இதற்கு இரட்டைக் கூலி கேட்பார்கள். பழைய ஜரிகையில் ஊசி இறங்குவது கஷ்டம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது வாஸ்தவந்தான், கொடுத்துவிடுங்கள்.